பழைய கார் வாங்குமுன்: வண்டியையும் பத்திரத்தையும் சோதித்தல்

யாங்கோன் நகரில் கைமாறும் கார்களில் மிகப் பெரும் பகுதி, ஏற்கெனவே ஜப்பானில் ஓடிப் பின்னர் இங்கு இறக்குமதியானவை ஆகும். பழைய வாகனங்களை அரசிடம் ஒப்படைத்து இறக்குமதி அனுமதி பெறும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கிய பின்னரே, அதுவரை சில குடும்பங்களுக்கு மட்டும் எட்டியிருந்த கார் நடுத்தர வருவாயினருக்கும் எட்டலாயிற்று. புரோபாக்ஸ், ஃபிட், விட்ஸ், வேகன் ஆர் முதலிய பெயர்கள் வீட்டுப் பேச்சில் புகுந்ததும் அக்காலத்தில்தான். 2018 முதல் இடப்புற ஸ்டீயரிங் உள்ள கார்களுக்கு மட்டுமே இறக்குமதி அனுமதி தரப்பட்டது. 2021 அக்டோபரில் வாகன இறக்குமதியே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே இன்று விலை பேசப்படும் வலப்புற ஸ்டீயரிங் கார் ஒன்று, ஜப்பானில் சில ஆண்டுகளையும் யாங்கோனில் பல மழைக்காலங்களையும் கண்டதாகவே பெரும்பாலும் இருக்கும். புதிய வரத்து குறைந்து விலை ஏறியதால், குறையை மறைத்து விற்பதில் கிடைக்கும் ஆதாயமும் கூடியுள்ளது.

குறை பின்னர் வெளிப்பட்டால் வழக்குத் தொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வளவு தாராளமானது அன்று. 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் இந்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளன. முன்னதன் 16 ஆவது பிரிவின்படி, சில விதிவிலக்குகள் தவிர, விற்கப்படும் பொருள் தரமானது என்னும் உறுதிமொழி தானாக உண்டாவதில்லை. பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு. பின்னதன் 17 ஆவது பிரிவு மோசடி என்பது எது என விளக்குகிறது. குறையைப் பற்றி விற்பவர் வாய் திறவாமல் இருப்பது மட்டுமே மோசடி ஆகாது என்பது அதன் பொது விதி. அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு ஒரு குதிரை விற்பனை. நோயுற்ற குதிரை என அறிந்தே ஒருவர் அதனை ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி எதுவும் கூறவில்லை. அது மோசடி அன்று. ஆனால் வாங்குபவர் முன்கூட்டியே, மறுப்புச் சொல்லாவிடில் குதிரை குறையற்றது என்றே கொள்வேன் என அறிவித்து, அதன் பின்னும் விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமமாகும். சைக்கசான் மைதானம் குதிரைப் பந்தயத் திடலாக விளங்கியதை அறிந்த தாமுவே முதியோர்க்கு இவ்வெடுத்துக்காட்டு எளிதில் விளங்கும். குதிரையின் இடத்தில் காரை வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொரு விதியும் உண்டு. விற்பவரின் மௌனத்தால் ஏமாந்தவர், சாதாரண விழிப்புடன் பார்த்திருந்தால் உண்மையை அறிந்திருக்கலாம் என்ற நிலை இருந்தால், அவர் ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ள முடியாது என 19 ஆவது பிரிவு கூறுகிறது. தெரிந்தே கூறிய பொய்க்கு இந்த விலக்கு பொருந்தாது. ஆகவே வாங்குபவர் செய்ய வேண்டியவை இரண்டு. கண்ணால் காணக் கூடியதைக் காண வேண்டும். காண முடியாததைக் கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும்.

முதலில் பத்திரங்கள்

பழுதான இஞ்சினைச் செலவு செய்து சரிசெய்யலாம். பத்திரம் பழுதான காரைச் சரிசெய்யும் ஒர்க்‌ஷாப் எங்கும் இல்லை. எனவே பானெட்டைத் திறக்குமுன் ஓனர் புக்கைத் திறக்க வேண்டும்.

மூல ஓனர் புக்கையே கேட்டுப் பார்க்க வேண்டும். வண்ண நகலை ஏற்கலாகாது. தவணைக் கடனில் வாங்கிய காராயின், கடன் தீரும்வரை மூலப் புத்தகம் கடன் கொடுத்தவரிடம் இருக்கக்கூடும். "புத்தகம் வீட்டில் இருக்கிறது, நாளை தருகிறேன்" என்னும் விடைக்குப் பின்னால் பெரும்பாலும் இத்தகைய செய்தி ஒன்று ஒளிந்திருக்கும். புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் காரில் பொறிக்கப்பட்டவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஜப்பான் உள்நாட்டுக் கார்களின் சேஸிஸ் எண் பதினேழு இலக்கம் கொண்டதாக இராது. மாதிரிக் குறியீடும் அதன்பின் வரிசை எண்ணுமே இருக்கும். எடுத்துக்காட்டாக, 1.5 லிட்டர் இஞ்சின் உள்ள பழைய மாதிரிப் புரோபாக்ஸின் எண் என்சிபி51 என்றும், முதல் தலைமுறை 1.3 லிட்டர் ஃபிட்டின் எண் ஜிடி1 என்றும் தொடங்கும். எண்ணின் மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் பதியும். வரிசை வளைந்தோ, ஓரெழுத்து ஆழமாகவோ, சுற்றிலும் தகடு அராவப்பட்டோ, புதுப் பெயின்ட் பூசப்பட்டோ இருந்தால் அக்காரை விட்டுவிடுவதே நன்று.

எல்லை வழியாக வரி செலுத்தாமல் வந்து, பதிவே இல்லாமல் ஓடும் கார்கள் 'விதவுட்' எனப்படுவதை யாவரும் அறிவர். அவற்றின் விலை ஆசை காட்டும். சில வேளைகளில் விபத்தில் அழிந்த காரின் ஓனர் புக்கும் எண் தகடும் அத்தகைய கார் ஒன்றுக்குப் பொருத்தப்பட்டிருக்கும். அதிகாரிகள் கைப்பற்றினால், நல்லெண்ணத்துடன் வாங்கினேன் என்பது காரைத் திரும்பப் பெற்றுத் தராது. ஓனர் புக்கில் உள்ள தயாரிப்பு ஆண்டையும் ஸ்டீயரிங்கின் பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பது எளிய சோதனை. இறக்குமதி விதி மாறிய பின்னர்த் தயாரான காருக்கு வலப்புற ஸ்டீயரிங் இருந்தால், அது எவ்வாறு பதிவு பெற்றது என்று விளக்கம் கேட்க வேண்டும்.

எண் தகட்டின் நிறமும் பேசும். தனியார் காருக்குக் கறுப்பு, டாக்ஸி உள்ளிட்ட வாடகை வாகனங்களுக்குச் சிவப்பு. இன்று கறுப்புத் தகடு தாங்கியுள்ள கார் முன்னர்ச் சிவப்புத் தகட்டில் ஓடியதா என்பதை ஓனர் புக்கில் தேட வேண்டும். தகட்டில் வேறு மாநிலத்தின் எழுத்துகள் இருந்தால், பெயர் மாற்றத்துக்கு எந்த ஊர் அலுவலகம் செல்ல நேரும் என்பதை விலை பேசுமுன் கேட்டறிய வேண்டும். மலிவாகக் கிடைத்தது பயணச் செலவிலும் அலைச்சலிலும் கரைந்துவிடக் கூடும்.

நீரில் நின்ற கார்

தாமுவேயின் தாழ்வான தெருக்களில் ஒரு மணி நேரப் பெருமழைக்கு எவ்வளவு நீர் நிற்கும் என்பதை இங்கு விளக்க வேண்டியதில்லை. ஜப்பானிலும் 2011 மார்ச் ஆழிப்பேரலை, 2018 ஜூலை வெள்ளம், 2019 அக்டோபர்ப் புயல் ஆகியவற்றில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. நீர் இருக்கை மட்டத்துக்கு ஏறிய காரைக் கழுவி உலர்த்தி மணக்கச் செய்துவிடலாம். ஆனால் விரிப்புக்கு அடியில் ஓடும் மின்கம்பிகளின் இணைப்புகளில் புகுந்த ஈரம் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத் தன் வேலையைக் காட்டும். ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பல கார்களில் தரையோடு ஒட்டியே அமைந்துள்ளது. அது செயலிழந்திருப்பது விபத்து நேரும் அன்றுதான் தெரியவரும். எல்லாக் குறைகளிலும் இதுவே மிகக் கொடியது. மறைக்க எளியதும் இதுவே.

சோதிக்கும் முறை கடினமன்று. சீட் பெல்ட்டை முற்றிலும் வெளியே இழுக்க வேண்டும். எப்போதும் சுருளுக்குள் கிடக்கும் கடைசி முழ நீளத்தைக் கழுவ எவரும் நினைப்பதில்லை. சேற்றுக் கறையின் கோடு அங்கே தங்கியிருக்கும். டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னிச் சக்கரம் கிடக்கும் குழியில் வண்டல் உண்டா எனத் தடவிப் பார்க்க வேண்டும். முன் இருக்கைகளின் தண்டவாளமும் அவற்றைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளும் துருப்பிடித்துள்ளனவா என்றும், டாஷ்போர்டின் அடியில் தெரியும் கம்பி இணைப்புகளில் பச்சை நிறக் களிம்பு படிந்துள்ளதா என்றும், முன்விளக்கின் உட்புறத்தில் நீர்க்கோடு தெரிகிறதா என்றும் காண வேண்டும். பன்னிரண்டு ஆண்டுப் பழைய காரில் தரை விரிப்பு மட்டும் புதிதாக இருந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். கண்ணாடிகளை ஏற்றி மூடி, ஏர்கண்டிஷனை இயக்காமல் ஐந்து நிமிடம் உள்ளே அமர்ந்திருப்பதும் நல்ல சோதனை. வாசனைத் திரவியம் மிகுதியாகத் தெளித்திருப்பதே ஓர் அடையாளம்.

துருவைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும். ஜப்பானின் வடபகுதிகளில் பனிக்காலச் சாலைகளில் உப்புத் தூவுகின்றனர். அங்கு ஓடிய கார்களின் அடிப்பாகம் துருவேறியிருக்கும், இருக்கைகளின் உட்பகுதியோ தூய்மையாக இருக்கும். மூழ்கிய காரில் துரு உள்ளேயும் இருக்கும்.

விபத்தின் சுவடுகள்

கதவு, மட்கார்டு, பானெட் ஆகியவற்றின் இடைவெளிகள் இரு பக்கமும் ஒரே அளவாக உள்ளனவா என்று பகல் வெளிச்சத்தில், கார் உலர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மழைத்துளி படிந்த கார் எல்லாமே பளபளப்பாகத் தோன்றும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின் மீது நகர்த்தினால், பட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் பிடிப்புத் தளரும். ஜன்னல் கண்ணாடிகளின் மூலையில் உள்ள தயாரிப்பாளர் முத்திரையில் ஒன்று மட்டும் வேறுபட்டால், அக்கண்ணாடி மாற்றப்பட்டுள்ளது.

பெயின்ட் அடித்தது குற்றமன்று. யாங்கோனின் நெரிசலில் கீறல் படாத கார் ஏது? சட்டகம் வளைந்ததா என்பதே வினா. பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும், இரு பக்கமும் பின்னோக்கி ஓடும் சட்டங்களையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலைப் பற்றவைப்பு சீரான வட்டப் புள்ளிகளாக இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் செய்த வெல்டிங் ஒழுங்கற்ற தழும்பாகத் தெரியும். ஜப்பானிய ஏலத்தில் காருக்கு அளிக்கப்பட்ட தாள் கிடைத்தால் அதில் தர எண்ணைத் தேட வேண்டும். எண்ணுக்குப் பதிலாக ஆங்கில 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' எழுத்து இருந்தால், விபத்துக்குப் பின் பழுதுபார்க்கப்பட்ட கார் என்று பொருள். அத்தாளில் ஆண்டு ஜப்பானிய முறையில் இருக்கும். ஹெய்செய் ஆண்டோடு 1988ஐயும் ரெய்வா ஆண்டோடு 2018ஐயும் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். ஹெய்செய் 24 எனில் 2012.

ஓடிய தூரமும் டாக்ஸியும்

மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறைப்பது சில நிமிட வேலை. ஆதலால் மீட்டரை விட்டுவிட்டு மனிதக் கை கால் பட்ட இடங்களைப் பார்க்க வேண்டும். பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஸ்டீயரிங்கின் மேற்பரப்பு மினுங்கி, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்திருக்க, மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டுமானால், மீட்டரை நம்பக் காரணம் இல்லை. ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழ் இருந்தால் அதிலுள்ள தூரத்தையும் தேதியையும் இன்றைய மீட்டரோடு ஒப்பிடலாம்.

புரோபாக்ஸ் ஜப்பானில் நிறுவனங்களுக்குச் சரக்கு வேனாக உழைத்து, இங்கு டாக்ஸியாகவும் உழைத்த கார். உறுதியானதுதான், ஆனால் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தது. கூரையில் டாக்ஸிப் பலகை பொருத்திய துளைகள் அடைக்கப்பட்ட தடம், ஓட்டுநர் கதவைவிடப் பின்கதவுகளின் கீல்கள் மிகத் தளர்ந்திருத்தல், டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் தாங்கியின் துளைகள் ஆகியவற்றால் அதனை அறியலாம். 2000களின் நடுப்பகுதியில் யாங்கோனின் டாக்ஸிகள் பெருமளவில் சிஎன்ஜிக்கு மாற்றப்பட்டன. உலர்ந்த வாயுவில் நெடுநாள் ஓடிய இஞ்சினில் வால்வு இருக்கைகள் விரைந்து தேயும்.

இஞ்சின், கியர்பாக்ஸ், ஹைபிரிட் மின்கலம்

காரைப் பார்க்கப் போகுமுன் இஞ்சினை இயக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லி வைக்க வேண்டும். போனதும் பானெட்டின் மீது கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் அது கிளம்பும் விதத்தை விற்பவர் மறைக்கிறார் என்று கொள்ளலாம். புகை நீல நிறமாயின் இஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை சூடேறிய பின்னும் நில்லாமல் இனிப்பு மணத்துடன் வந்தால் கூலண்ட் எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் போன்ற கசடும் இருந்தால் சிலிண்டர் கேஸ்கெட் போயிருக்கக் கூடும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த இஞ்சினில் மட்டுமே திறக்க வேண்டும். பின்னர் ஏர்கண்டிஷனை முழுவேகத்தில் வைத்து, நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே இயக்கி வெப்பமுள்ளைக் கவனிக்க வேண்டும். யாங்கோன் நெரிசலில் கார் படும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை.

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் யாவும் எரிந்து, இஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு, பல்பு பிடுங்கப்பட்ட விளக்காக இருக்கலாம்.

முதல் தலைமுறை ஃபிட்டின் சிவிடி கியர்பாக்ஸ், நின்ற நிலையிலிருந்து நகரும்போது உடல் அதிரும் குறைக்குப் பெயர் பெற்றது. ஹோண்டா குறிப்பிட்ட வகை எண்ணெயை மாற்றினால் சில கார்களில் அது நீங்கும். நீங்காவிடில் உள்ளிருக்கும் கிளட்சுக்குச் செலவு செய்ய நேரும். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது பத்து முறையாவது நிறுத்தி, மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஹைபிரிட் கார்களில் பெரிய மின்கலமே விலைமதிப்புள்ள உறுப்பு. ஃபிட் ஹைபிரிட்டில் அது டிக்கியின் தரைக்கு அடியிலும், டொயோட்டா அக்வாவில் பின் இருக்கைக்கு அடியிலும் உள்ளது. வெள்ளம் முதலில் தொடும் இடம் அதுவே. அக்வாவின் பின் இருக்கைப் பக்கத்தில் உள்ள காற்றுத் துளை தூசியால் அடைபட்டிருந்தால் மின்கலம் வெப்பத்தில் நலிந்திருக்கக் கூடும்.

இவற்றைத் தாமே பார்க்க இயலாதோர் மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். தரகர் பரிந்துரைக்கும் மெக்கானிக் வேண்டாம். தரகருக்குக் கூலி, விற்பனை முடிந்தால்தான் கிடைக்கும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

அச்சிட்ட ஒப்பந்தத் தாளில் கார், விலை, பெயர்கள், தேதி ஆகியவை மட்டுமே பெரும்பாலும் இருக்கும். சில தாள்களில் 'உள்ள நிலையிலேயே ஏற்றுக்கொண்டேன்' என்னும் வரியும் சேர்ந்திருக்கும். ஒப்பந்தம் பர்மிய மொழியில் இருப்பதால், அதனைச் சரளமாக வாசிக்க இயலாதோர் கையெழுத்திடுமுன் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பொருள் கேட்க வேண்டும். மகன் கேட்டுவிட்டான், மருமகன் பார்த்துக்கொள்வார் என்று விடுவது முறையன்று. கையெழுத்திடுபவரே சட்டப்படி பொறுப்பாளர்.

அத்தாளில் விற்பவரின் கூற்றாகச் சில வரிகளைச் சேர்க்கும்படி கோர வேண்டும். இக்கார் வெள்ளத்தில் மூழ்கியதில்லை, சட்டகம் பாதிக்கும் விபத்துக்கு உள்ளானதில்லை, டாக்ஸியாக ஓடியதில்லை, மீட்டர் மாற்றப்படவில்லை, இதன்மீது கடனோ வழக்கோ இல்லை. இவற்றுள் எதை எழுத விற்பவர் மறுக்கிறாரோ, அதுவே மீண்டும் சோதிக்க வேண்டிய இடம். ஒன்று உண்மையாகவே நேர்ந்திருந்தால் அதனை வெளிப்படையாக எழுதி, விலையைக் குறைத்துக்கொள்ளலாம்; டாக்ஸியாக ஓடிய கார் எல்லாம் கெட்ட கார் அன்று. முத்திரைத் தீர்வை செலுத்தாத ஆவணத்தை, தீர்வையும் தண்டமும் செலுத்தும்வரை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. கார்க் கடையில் வாங்கியோர், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வர்த்தக அமைச்சின் நுகர்வோர் விவகாரத் துறையிடமும் முறையிடலாம்.

பெயர் மாற்றாமல், பழைய உரிமையாளரின் பெயரிலேயே ஓட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. உறவினர் அல்லது நண்பர் பெயரில் பினாமியாக வாங்குவதும் உண்டு. பெயருக்கு உரியவர் இறந்தாலோ, வெளிநாடு சென்றாலோ, கடன்பட்டாலோ, மனம் மாறினாலோ, பணம் கொடுத்தவர் தம் காருக்காக வழக்காட நேரும். ஆகவே கஞநா எனப்படும் சாலைப் போக்குவரத்து நிர்வாகத் துறையில் பெயர் மாற்றும் நாளை ஒப்பந்தத்திலேயே குறித்து, விலையில் ஒரு பகுதியை அன்றைக்கென நிறுத்தி வைப்பது நல்லது. விற்பவரின் தேசிய அடையாள அட்டை நகல், இரு சாட்சிகளின் கையெழுத்து, பணம் பெற்ற ரசீது, வீல் டாக்ஸ் செலுத்திய சான்று ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு சேர்த்து, காரின் கையுறைப் பெட்டியில் வைக்காமல் வீட்டில் வைத்திருக்க வேண்டும்.